பிரிண்டருக்கு ஏகாம்பரம் போட்ட நம்பர்

சாயல்பட்டியில் கீழே பதிவு ஆபீஸ், மாடியில் போலீஸ் ஸ்டேஷன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நெட்வொர்க் கேபிள். பதிவு ஆபீசுக்குப் புதுப் பிரிண்டர் வந்த அன்று, டைப்பிஸ்ட் மரியபுஷ்பத்தின் முன்னால் ஒரு ஜோடி நின்றது. வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டவர்கள். கல்யாணச் சான்றிதழ் அச்சாக வேண்டியதுதான் பாக்கி.

"அப்பா தேடிக்கிட்டிருக்கார்க்கா, சீக்கிரம்" என்றாள் பெண், வாசலைப் பார்த்தபடி.

பிரிண்டர் அசையவில்லை. கம்ப்யூட்டர் பார்க்கும் ஏகாம்பரம் வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கு ஒரு ஐபி நம்பர் போடணும். வீட்டுக்குக் கதவு நம்பர் மாதிரி. தூத்துக்குடியில நான் நம்பர் போட்ட பிரிண்டர் இருக்கே, கரையில அடிச்சா நடுக்கடல் கப்பல்ல பேப்பர் விழும்!"

"நனையாதா சார்?" என்றாள் புஷ்பம்.

"லேமினேஷன் ஆகித்தான் விழும்."

"சார், இவங்க பாவம், நிக்கிறாங்க…"

"பொறும்மா. ஊட்டியில ஒரு எஸ்டேட். நான் நம்பர் போட்ட மறுநாளே அந்தப் பிரிண்டருக்கு ரேஷன் கார்டு கொடுத்துட்டாங்க. பொங்கலுக்குக் கரும்புகூட வாங்குச்சு."

"கரும்பை யாரு தின்னா?" மாப்பிள்ளையே வாயை விட்டுவிட்டான்.

"அதேதான்! அப்புறம் அடிச்ச பேப்பரெல்லாம் ஒரே இனிப்பு. எது எழுத்து, எது எறும்புனு தெரியாம ஆபீசருங்க எறும்புமேல கையெழுத்துப் போட்டாங்க."

"அந்தப் பிரிண்டர் எலெக்ஷன்ல நிக்கலையா சார்?" என்றாள் புஷ்பம்.

"நின்னு ஜெயிச்சுதும்மா! வாக்குறுதியெல்லாம் அச்சுல எடுத்து ஊருக்கே கொடுத்திருச்சு. கட்சி நீக்கிருச்சு."

கதை அளந்துகொண்டே, திரையைப் பார்க்காமல் ஏதோ ஒரு நம்பரைத் தட்டினார். "ம், இப்ப அடி."

புஷ்பம் அடித்தாள். அச்சாகிவிட்டது என்றது கம்ப்யூட்டர். தட்டில் ஒன்றுமில்லை. டெலிபோன்தான் அடித்தது.

மாடியிலிருந்து இன்ஸ்பெக்டர். "என்னம்மா, உங்க கல்யாண சர்டிபிகேட் எங்க பிரிண்டர்ல விழுது? பொண்ணைக் காணோம்னு வந்த அப்பா அதை எடுத்துக்கிட்டுக் கீழ வர்றாரு!"

ஸ்டேஷன் பிரிண்டரின் நம்பரையே மனிதர் இதற்கும் போட்டிருக்கிறார். பெண் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா வந்தார். சூடு ஆறாத காகிதத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"போட்டோவுல ஏன்டி இப்படி வாடிக் கிடக்கே? சாப்பிட்டியா இல்லியா?"

பெண் ஓவென்று அழுதாள். "அவனையும் கூட்டிக்கிட்டு வா" என்ற அப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஏகாம்பரம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பாத்தியா! அப்பன் இருக்கிற இடம் பாத்து அனுப்பினேன். மனுஷ மனசுக்கே நம்பர் போடுறவன்மா நான்!"

அப்போது புதுப் பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. புஷ்பம் எடுத்துப் படித்தாள்.

"ஸ்டேஷன்ல அடிச்சது இங்க வந்திருக்கு சார். அவங்க பிரிண்டரைக் கெடுத்தது நீங்கதான்னு புகார். உங்க விலாசத்தை மட்டும் கரெக்டா போட்டிருக்காங்க."