வாசற்சொல் சொல்லாத பூனை

அநியாயம் நடந்தது பூனைக்கு. செய்தவர் மருதப்பர் என்ற பெரியதனக்காரர். ஒரு மழைக்காலம் முழுக்கத் தன் நெல்லைக் காத்தவளை, ஊர் கூடிய விருந்தில் 'நன்றி கெட்டவள்' என்று பட்டம் கட்டி, பிறந்து கண்கூடத் திறக்காத குட்டிகளோடு சாக்கில் போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நாமெல்லாம் இந்த வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நாய் நன்றியுள்ளதாம், பூனை நன்றியில்லாததாம். யார் அளந்தார்கள்? எந்தப் படியை வைத்து அளந்தார்கள்?

அந்தக் காலத்தில் மனிதர்களுக்கும் மிருகங்களுக்கும் பேச்சு பொதுவாக இருந்தது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஓர் ஊர். உப்பு விளைவிப்பவர்கள் ஒரு தெரு. வடக்கிலிருந்து தறியைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கியவர்கள் ஒரு தெரு. கடல் தாண்டி வந்து படகு விட்டவர்கள் ஒரு தெரு. சாமி வேறு, சமையல் வேறு, கோபம் வந்தால் திட்டுகிற வார்த்தைகூட வேறு. ஆனால் ஒரு வழக்கம் மட்டும் எல்லாத் தெருவுக்கும் பொது. அதற்கு வாசற்சொல் என்று பெயர்.

அந்தி சாயும்போது வீட்டு மிருகங்கள் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். வீட்டுக்காரர் சோற்றுச் சட்டியோடு வருவார். ஒவ்வொன்றும் தலையைத் தாழ்த்தி, "உங்க சோத்தால உசிரு வாழுறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சட்டி தரையில் இறங்கும். மாடு தினமும் சொன்னது. வெயிலில் உழுது அந்தச் சோற்றையே உண்டாக்கிய மாடு சொன்னது. கோழி, முட்டையிட்ட சூடு ஆறுவதற்குள் ஓடிவந்து சொன்னது. நாய் கேட்கவே வேண்டாம். ஒரு முறை சொன்னால் போதும் என்று சொல்லியும் கேட்காமல் வாலை ஆட்டி ஆட்டித் திரும்பத் திரும்பச் சொன்னது.

பூனை மட்டும் அந்த வரிசைக்கு வந்ததில்லை. அவள் மருதப்பரின் களஞ்சியத்தில், நெற்குதிருக்கு மேலே இருந்தாள். எலியைத் தின்றாள், பசி தீர்ந்தது, தூங்கினாள். சோற்றுச் சட்டியில் அவளுக்கு வேலையே இல்லை. நெல் குறையவில்லை என்பதால் மருதப்பரும் அவளைக் கண்டுகொள்ளவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சம்பந்தி வாயைத் திறக்கும் வரை.

அறுவடை முடிந்து மருதப்பர் ஊருக்கே விருந்து வைத்திருந்தார். புதிதாகச் சம்பந்தம் செய்துகொண்ட திருமேனியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மிருகங்கள் வந்து வாசற்சொல் சொல்லி முடித்ததும் அவர் மருதப்பர் பக்கம் சாய்ந்தார்.

"என்ன சம்பந்தி, பூனைய மட்டும் காணோம்? வீட்டுக்குள்ள உங்க பேச்சு எடுபடுறதில்லயோ?"

மருதப்பருக்கு முகம் கறுத்துவிட்டது. "கூப்பிடுங்கடா அவள" என்றார்.

பூனை வந்தாள். குட்டி போட்டிருந்த நேரம். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் எழுப்பி அழைத்து வந்திருந்தார்கள்.

"சொல்லு" என்றார் மருதப்பர்.

"என்ன சொல்லணும் ஐயா?"

"தெரியாத மாதிரி கேக்காத. உங்க சோத்தால உசிரு வாழுறேன்னு சொல்லு."

"நான் உங்க சோத்த சாப்பிட்டதே இல்லயே."

நாய் அவள் காதருகே வந்து முணுமுணுத்தது. "அக்கா, சொல்லித் தொலைச்சிட்டுப் போயேன். வாய்ச்சொல்லுதான? என்ன கொறைஞ்சிடப் போவுது?"

"உனக்குக் கொறையாது தம்பி. நீ சாப்பிட்ட, சொல்ற. நான் சாப்பிடாததுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றாள் பூனை. பிறகு மருதப்பரை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, உங்க நெல்லத் தின்னது எலி. எலியத் தின்னது நான். அப்படிப் பாத்தா எலிதான் உங்களுக்கு வாசற்சொல் சொல்லணும். நீங்க எனக்குச் சொல்லணும்."

உப்புத் தெரு வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது தறித் தெருவுக்குப் பரவியது. திருமேனியார், சோறு புரையேறி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவள் சொன்னதில் என்ன தப்பு? உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கலாம். 'களஞ்சியத்தில் இடம் கொடுத்தேனே' என்றாவது வாதாடியிருக்கலாம். அதற்கும் அவளிடம் பதில் இருந்திருக்கும், இரண்டு பேரும் பேசித் தீர்த்திருப்பார்கள். ஆனால் பதில் இல்லாதவர்கள் எப்போதும் ஒன்றுதான் செய்வார்கள். கேட்டவருக்கு ஒரு பெயர் வைப்பார்கள்.

"நன்றி கெட்டவ" என்றார் மருதப்பர் எழுந்து நின்று. "இன்னையிலேர்ந்து இவ இந்த ஊருல இருக்கக் கூடாது. இவ குறுக்க வந்தா போற காரியம் உருப்படாது. பாத்ததும் வீட்டுக்குத் திரும்பிடுங்க."

பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அதில் வேறு ரகசியம் எதுவும் கிடையாது. நடுத்தெருவில் வைத்து அவள் மறுபடி அதே கேள்வியைக் கேட்டுவிடுவாளோ என்று ஒரு பெரிய மனிதருக்குப் பயம். அவ்வளவுதான்.

சாக்கைப் படகோட்டி உதுமானிடம் கொடுத்தார்கள். "அக்கரையில கொட்டிட்டு வா. நடு ஆத்துல கை தவறுனாலும் நான் கேக்க மாட்டேன்" என்றார் மருதப்பர்.

உதுமான் அதிகம் பேசாத மனிதர். சாக்கை மடியில் வைத்துக்கொண்டு படகை ஓட்டினார். கரை கொஞ்சம் மறைந்ததும் முடிச்சைத் தளர்த்தினார், உள்ளே காற்றுப் போகட்டும் என்று. அக்கரை வந்ததும் சாக்கை மணலில் வைத்து, வாயைத் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூனை வெளியே வந்தாள். உடம்பெல்லாம் கோபம்.

"நீயும் ஏதாவது சொல்லச் சொல்லுவியா?" என்றாள்.

"என்னத்தச் சொல்லச் சொல்ல? எனக்கு மேகத்தப் பாக்கிற வேல இருக்கு" என்றார் உதுமான். "திரும்பிப் போறப்பகூட அண்ணாந்து பாத்துக்கிட்டுத்தான் துடுப்புப் போடுவேன். முன்னால யாரு உக்காந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியாது."

 பூனை ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு போய்ப் படகின் முன்பக்கம் வைத்தாள். சொன்ன வார்த்தை தவறாமல் உதுமான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டார். போகும் வழியில் படகைச் சேற்றுத் திட்டில் ஏற்றி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார். அப்போதுகூடக் கீழே பார்க்கவில்லை.

ஆனால் உதுமான் வீட்டில் தங்க முடியாது. பூனை திரும்பிவிட்டாள் என்று தெரிந்தால் மருதப்பரின் ஆட்கள் முதலில் அங்கேதான் தேடுவார்கள். மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் குட்டிகள் பிழைக்காது. பூனை தெருத் தெருவாக இடம் தேடத் தொடங்கினாள்.

முதல் வீடு தங்கபாக்கியத்தின் வீடு. நல்ல வசதி. குட்டிகளைப் பார்த்ததும் அந்த அம்மாள் உருகிப்போனாள். மடியில் அள்ளினாள், முத்தம் கொடுத்தாள், கழுத்தில் மணி கட்டினாள். பிறகு கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே அம்மிக்குழவியையும் வைத்தாள். "என் செல்லமே, இனிமே நீங்க எனக்கு மட்டுந்தான்." உள்ளே குட்டிகள் கத்தின. அவளுக்கு அது கொஞ்சலாகக் கேட்டது. அவள் சமையலறைக்குப் போன நேரத்தில் பூனை கூடையைப் புரட்டிவிட்டு, குட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்தது ஏடு படிக்கும் இளவழுதியின் வீடு. அவர் எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். "நியாயம் உன் பக்கந்தான், சந்தேகமே இல்ல" என்றார். "நீ இங்கயே இரு. ஆனா ஒண்ணு. யாரும் கேக்காதப்ப, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, அந்தச் சொல்ல மெதுவா ஒரு தடவ சொல்லிடு. ஒரு திருப்திக்கு."

இந்த இரண்டாவது ரகம் இருக்கிறதே, மருதப்பரைவிட மோசம். மருதப்பராவது ஊரறியக் கேட்டார். பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு கிளம்பினாள்.

மழை பிடித்துக்கொண்டது. உப்புத் தெருவில் காத்தாயி வீட்டுக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. காத்தாயியின் வாய்க்குப் பயந்து அந்தப் பக்கம் பிச்சைக்காரர்கள்கூடப் போக மாட்டார்கள். உப்பளத்திலிருந்து திரும்பிய காத்தாயி, கொடியில் உலர்த்தி மடித்து வைத்திருந்த ஒரே மாற்றுச் சேலையில் குட்டிகள் தூங்குவதைப் பார்த்தாள்.

"அடி மூதேவி, ஊர்ல இல்லாத எடமா? என் சேலதான் கெடச்சுதா ஒனக்கு? எந்திரி. எந்திரிச்சுத் தொல."

பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். காத்தாயி இன்னும் வெகுநேரம் திட்டினாள். திட்டிக்கொண்டே நனைந்த சேலையோடு அடுப்படியில் குந்தி, உடம்பிலேயே அதைக் காயவைத்துக்கொண்டாள். குட்டிகள் எழுந்துவிடப் போகின்றன என்று பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் கழுவினாள்.

சில வாரம் கழித்து, கண் திறந்து நடை பழகிய குட்டிகளில் ஒன்றுக்குக் காத்தாயி வீட்டு உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. கண் ஒட்டிக்கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டு பூனை தறித் தெருவுக்குப் போனாள். சௌடம்மாவுக்கு ஊர்ப் பேச்சு பாதிதான் வரும். தறியில் நீள நூலைப் பாவாக விரித்து நெய்துகொண்டிருந்தவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள், குட்டி பாவின் மேலே ஏறிப் படுத்துவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் தள்ளிவிடச் சொன்னார்கள். "எழும்பட்டும்" என்றாள் சௌடம்மா. தறியை நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்து, குறுக்கு நூலைக் குச்சியில் தார் சுற்றினாள். குட்டி எழும்பவில்லை. அன்று முழுவதும் அவள் தார்தான் சுற்றினாள்.

உதுமானுக்கும் காத்தாயிக்கும் சௌடம்மாவுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒருவர் பேசவே மாட்டார், ஒருத்தி வாயை மூடவே மாட்டாள், ஒருத்தி பேசினால் யாருக்கும் புரியாது. சாதுவானவர்கள்தான் பூனைக்குப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் காத்தாயி வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும். தனிமையில் இருப்பவர்களுக்குத்தான் பூனை என்றால், சௌடம்மா வீட்டில் உட்கார இடமில்லாத கூட்டம். இவர்கள் மூவருக்கும் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் இடத்தில் இன்னொரு உயிர் தன் இஷ்டப்படி இருப்பதைப் பார்த்தால் இவர்களுக்கு எரியவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

இதற்கிடையில் களஞ்சியத்தில் எலி பெருத்துவிட்டது. மருதப்பர் நாயைக் காவலுக்குப் போட்டார். நாய் விசுவாசமாகக் குரைத்தது, அந்தியில் வந்து வாசற்சொல்லும் சொன்னது. எலிகள் அதைக் கேட்டுக்கொண்டே தின்றன. குதிர்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் விதைநெல் குதிரில் துளை விழுந்தது. அது போனால் மறு வருடம் எந்தத் தெருவிலும் அடுப்பு எரியாது.

பூனை எங்கே இருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். மருதப்பருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. இப்போது சொன்னார்கள். அவர் வெள்ளிக் கிண்ணத்தில் பாலோடு, பின்னால் ஊரும் சம்பந்தியும் வர, காத்தாயி வாசலில் வந்து நின்றார்.

"பூசு... பூசு..."

பூனை கூரைமேல் படுத்திருந்தாள். ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பியது.

"பூசு, வா."

"அவளுக்கு நல்லாக் கேக்குது" என்றாள் காத்தாயி, முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். "வர மாட்டா. நான் கூப்பிட்டாலே வர மாட்டா." அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்தது பெருமை.

மருதப்பர் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தார். "வாசற்சொல் வேணாம். அந்த வழக்கத்தையே இன்னையோட நிறுத்திடறேன். நீ வீட்டுக்கு வா. வந்து, எல்லாரு முன்னாடியும் 'உங்கள மன்னிச்சிட்டேன்'னு ஒரே ஒரு சொல்லு சொல்லிடு. அது போதும் எனக்கு."

"திரும்பவும் ஒரு சொல்லா?" என்றாள் பூனை.

யாரும் சிரிக்கவில்லை.

"வெதநெல்லுக்காக எலியப் பிடிக்கிறேன்" என்றாள். "அடுத்த வருசம் காத்தாயி கஞ்சி குடிக்கணும், உதுமான் வீட்டுல ஒல வைக்கணும், அதுக்காக. உங்க வீட்டுக்கு வரலை. உங்ககிட்ட எனக்கு இனிமே பேச்சும் இல்லை, பேசினா ஏதாவது ஒரு சொல்லக் கேட்டுக்கிட்டே இருப்பீங்க. எந்தத் தெரு, எந்தச் சாமி, என்ன பாஷை, அதெல்லாம் எனக்கு வேண்டாம். என் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வீடாப் போவேன். எங்கள அதட்டாம, அடைச்சு வைக்காம, கொஞ்சம் தள்ளி உக்காந்து எடம் விடுற ஆளு யாருன்னு பாப்பேன். அந்த ஆள் மடியில நானா வந்து உக்காருவேன்."

அன்று முதல்தான் பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு வீடு வீடாக மாறுகிறது. கூப்பிட்டால் காதை மட்டும் திருப்புகிறது. எந்த நாட்டிலும், எந்தத் தெருவிலும், மடியில் பூனை தூங்குகிறது என்பதற்காகக் கால் மரத்துப்போயும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் இருப்பதும் அன்று முதல்தான். ஊர் அவர்களைப் பூனைப் பைத்தியம் என்கிறது. சொல்லட்டும்.

மருதப்பருக்கு மட்டும் அப்போதும் மனசு ஆறவில்லை. பால் கிண்ணம் கையில் தளும்ப, கூரையைப் பார்த்துக் கேட்டார். "அப்படிப்பட்ட ஆளு நீ போற வீட்டுல இல்லேன்னா?"

மனிதர்களிடம் பூனை கடைசியாகப் பேசியது அப்போதுதான்.

"அடுத்த வீட்டுக்குப் போவேன்."