மடத்து அண்டா

தீர்த்தகிரி படியேறி வரவில்லை, ஓடி வந்தார். வயது அறுபத்திரண்டு. மூச்சு இரைத்தது. நின்றால்தானே.

ஊர் வங்கியின் தலைவர் அவர். குன்றின் மேல் மடம். வேப்ப மரத்தடியில் குரு முனிரத்தினம் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். குருவுக்கு நாற்பது. சீடரைவிட இருபத்திரண்டு வயது இளையவர். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"சாமி! முடிச்சுட்டோம்!"

"எதை?"

"புகையை!"

"உட்காருங்க, சேர்மன். கீழே உங்க கார் உறுமுது. முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க."

தீர்த்தகிரி நாக்கைக் கடித்துக்கொண்டார். படியோரம் போய்க் கையைத் தட்டி டிரைவருக்குச் சைகை காட்டினார். உறுமல் நின்றது. திரும்பி வந்தவர் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டினார்.

"கூரை முழுக்க சோலார் போட்டாச்சு. டீசல் ஜெனரேட்டரை வித்தாச்சு. ஏசி இருபத்தாறுக்குக் கீழே இறங்காது. முன்னெல்லாம் ஒரு விண்ணப்பத்துக்கு மூணு நகல், இப்போ ஒண்ணுகூடக் கிடையாது. வாரத்துல நாலு நாள் நானே பஸ்ல போறேன் சாமி! ரெண்டு வருஷத்துல வங்கி விடுற புகை பாதியாச்சு. ஆள் வச்சு அளந்தோம்!"

"நல்லது."

குரு வாயில் அந்தச் சொல் அத்தி பூத்தாற்போலத்தான் வரும். தீர்த்தகிரிக்குத் தலைகால் புரியவில்லை.

"மிச்சப் பாதியை மரம் நட்டுக் கழிக்கணும். நாளைக் காலை பத்து மணிக்கு வாசல்ல பலகை திறக்கிறோம். 'புகையில்லா வங்கி.' இந்த ஜில்லாவிலேயே நாமதான் முதல்! அதான் ஓடி வந்தேன். எத்தனை மரம் நட்டா கணக்கு நேராகும், சாமி?"

குரு வாயைத் திறக்குமுன் சமையல்கட்டுப் பக்கம் சத்தம். மடத்துச் சமையல்காரி மாதம்மாள். அவளுக்கு எதிரே அண்ணன் தம்பி இருவர் நின்றார்கள்.

மடத்தில் ஏழு பித்தளை அண்டாக்கள். ஆளே உள்ளே இறங்கிக் குளிக்கலாம், அத்தனை பெரியவை. சுற்றுவட்டாரத்தில் விசேஷம் என்றால் இங்கே வந்துதான் வாங்கிப்போவார்கள். வாடகை கிடையாது.

"என்ன வேகப்போகுது?" என்றாள் மாதம்மாள்.

"சோறுதான் அக்கா. தங்கச்சிக்கு வளைகாப்பு."

"எங்க அடுப்பு மூட்டுறீங்க? என்ன விறகு?"

"அண்டா கேட்டா ஜாதகம் கேக்கறியே!"

"அது வேற இருக்கா? கொண்டா, பாப்போம்."

கடைசியில் கொடுத்தாள். "மூடி கேக்காதீங்க. இந்த அண்டாவுக்கு மூடி இல்லை."

இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தீர்த்தகிரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்னம்மா, போலீஸ் விசாரணையா? எங்க வங்கியில ஒரே கேள்விதான். திருப்பித் தருவானா, மாட்டானா?"

"நாங்களும் ஒரு காலத்துல அதைத்தான் கேட்டோம், பெரியவரே. ஒருத்தன் வந்தான். மூணு நாள்ல தர்றேன்னான். ரெண்டாம் நாளே கொண்டுவந்துட்டான். புளி போட்டுத் தேய்ச்சு, தங்கமாட்டம் மின்னுச்சு. நானே அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்."

"நாணயமான ஆள்தானே!"

"ஏதோ நஞ்சு விதையை அதுல காய்ச்சி ஏரியில ஊத்தியிருக்கான், மீன் பிடிக்க. மொத்த மீனும் மிதந்துச்சு. தண்ணி குடிச்ச மாடு ஒன்பது செத்துச்சு. அண்டா மட்டும் பளபளன்னுதான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

தீர்த்தகிரி 'ச்சு' கொட்டினார். அவர் அவசரம் அவருக்கு.

"சாமி, மரக் கணக்கு..."

குரு கயிற்றைக் கீழே போட்டார். "மேலே வாங்க."

மடத்துக்குப் பின்னால் பெரும்பாறை. ஏறி நின்றால் நாலு திசையும் தெரியும். மணி நாலு. ஊர்களில் அங்கங்கே புகை எழுந்துகொண்டிருந்தது. குரு விரலை நீட்டினார்.

"அது புதூர். கல்யாணம். நம்ம அண்டா. அது ஓடைப்பட்டி. மாரியம்மனுக்குக் கூழ். நம்ம அண்டா. கிழக்கே தெரியுது பாருங்க, பதினாறாம் நாள் சாப்பாடு. அதுவும் நம்ம அண்டா."

"இங்கே மடத்து அடுப்பு அணைஞ்சிருக்கே, சாமி!"

"காலையிலேயே அணைச்சாச்சு."

தீர்த்தகிரிக்கு இது பிடித்துவிட்டது. திருவிழாவில் ராட்டினம் ஏறியவர் மாதிரி கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடினார்.

"அதோ சாமி, மேற்கே! அம்மாடி, என்ன கறுப்பு! பனைமரமாட்டம் நிக்குது! அது எந்த ஊர்..."

வாய் பாதியில் நின்றது.

"அதுல என்ன வேகுது?" என்றார் குரு.

"பழைய டயர், சாமி. ராஜவேலுவோட ஆலை. உருக்கி எண்ணெய் எடுக்கிறாரு."

"யார் அண்டா?"

தீர்த்தகிரி கண்ணுக்கு மேல் வைத்திருந்த கையை இறக்கினார்.

அந்த உலை வங்கிக் கடனில் வந்தது. ராஜவேலு ஒரு தவணைகூடத் தவறியதில்லை. கெடுவுக்கு ஒரு நாள் முன்பே கட்டிவிடுவார். போன மாதம்தான் தீர்த்தகிரி அவருக்குச் சால்வை போர்த்தினார். நாளைக்குப் பலகையைத் திறந்துவைக்கப்போவதும் அவரேதான். பத்தரைக்கு இரண்டாவது உலைக்குக் கடன். கையெழுத்துப் போடவேண்டியவர் தீர்த்தகிரி. போடாவிட்டால் சும்மா இருப்பாரா ராஜவேலு? இயக்குநர்களில் பாதிப் பேர் அவர் ஆட்கள். தலைவர் நாற்காலி போய்விடும்.

புகை அளக்க வந்த ஆள் மாடியிலிருந்து கழிப்பறை விளக்குவரை அளந்தான். வங்கிச் சுவருக்கு வெளியே ஓர் அடி வைக்கவில்லை. வைக்கச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

காற்று திரும்பியது. ரப்பர் கருகும் நாற்றம் பாறைவரை வந்தது.

  தீர்த்தகிரியின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. வங்கி மேலாளர் கண்மணியைப் போனில் பிடித்தார்.

"கண்மணி! நாளைக் கையெழுத்தை நிறுத்தும்மா!"

"ராஜவேலு சார் கடனையா? அவரு தவணை தவறாதவரு சார்!"

"தெரியும்! இத்தனை நாளா அதை மட்டுந்தானே பாத்துக்கிட்டிருந்தோம்! இருக்கிற உலைப் புகைக்கு அவரு ஒரு வழி பண்ணட்டும், அப்புறம் பேசுவோம். நீ எல்லாக் கடன் கோப்பையும் வெளியே எடு. ஒவ்வொண்ணுலயும் முதல் பக்கத்துல ஒரு கேள்வி எழுது."

"என்ன கேள்வி சார்?"

"என்ன வேகப்போகுது?"



"சார்... வெயில்ல நிக்கிறீங்களா சார்?"

"வந்து சொல்றேன்!"

"நாற்காலி போயிடும் சார்."

"போகட்டும்! பஸ்ல நின்னுக்கிட்டே வந்து பழகினவன்தானே நான்!"

வேட்டியை மடித்துக் கட்டினார். பாறையிலிருந்து இறங்க ஆரம்பித்தார், ஏறிய வேகத்தைவிட வேகமாக. பாதியில் நின்று திரும்பினார்.

"சாமி! எத்தனை மரம்னு சொல்லவே இல்லையே!"

"நடுங்க. எண்ணாதீங்க."

இன்னும் பத்தடி இறங்கினார். மறுபடி நின்றார்.

"அந்தப் பலகை, சாமி? பெயின்ட் அடிச்சு எழுதியாச்சு. கார்லதான் இருக்கு. அதை என்ன பண்றது?"

"தகரமா, மரமா?"

"தகரம். நல்ல கனமான தகரம்."

"மாதம்மாகிட்ட கொடுத்துட்டுப் போங்க," என்றார் குரு. "அண்டாவுக்கு மூடி இல்லாம இருக்கா."