குரங்கு நாட்டாமை வைத்த வாசல்

மரமும் மிருகமும் வாய் திறந்து வம்பு பேசிய காலத்திலே, ஒரே ஒரு காட்டிலே, ஒரு மைனா இருந்தாள். அவளுக்கு முட்டையிடும் நேரம் நெருங்கிவிட்டது. ஆனால் முட்டையிட இடம் இல்லை!

சூறைக்காற்று வந்து கிழட்டு மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டது. பொந்துகள் இருந்ததும் அந்தக் கிழட்டு மரங்களில்தான். மைனாவுக்கும் வீடு போச்சு. பூச்சி பிடித்துத் தின்னும் சின்ன வௌவால்களுக்கும் வீடு போச்சு.

குரங்கு நாட்டாமை கூட்டம் போட்டது.

"கவலையை விடுங்கள்! மாந்தோப்பு ஓரத்தில் பழைய பலகைப் பெட்டிகள் கிடக்கின்றன. மரத்துக்கு மரம் கட்டிவிடுகிறேன். மரங்கொத்தி வாசல் கொத்தட்டும். எல்லோருக்கும் முகப்பில் வட்ட வாசல். என்னிடம் ஓரவஞ்சனை கிடையாது!"

ஒரு வௌவால் மெல்லச் சொன்னான்: "நாட்டாமை, எங்களுக்கு வாசல் அடியில் வேண்டும். கீழிருந்து ஏறித் தொங்குகிற ஆட்கள் நாங்கள்."

மைனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தரையில் வாசலா! வீட்டுக்கு வந்த விருந்தாளி தொப்பென்று விழவா?"

காடே சிரித்தது. வௌவால் சிறகை மடக்கிக்கொண்டான்.

பெட்டிகள் ஏறின. மைனா வைக்கோலும் இறகும் கொண்டுவந்து மெத்தை போட்டாள். வௌவால்களுக்கோ வட்ட வாசல் வழியாக வெயில் முகத்தில் அடித்தது. பகலெல்லாம் தூக்கம் இல்லை. எல்லோரும் சேர்ந்து நாட்டாமையின் காதருகே போய்க் கிறீச்சிட்டார்கள்.

"ஐயோ, போதும்!" என்று காதைப் பொத்தியது குரங்கு. "முகப்பு வாசலை மண்ணால் அடையுங்கள்! அடிப்பலகையைக் கழற்றுங்கள்! எல்லோருக்கும்!"

மைனாவின் மெத்தை பொலபொலவென்று கீழே கொட்டியது.

"நாட்டாமை! இது என்ன கூத்து? என் முட்டை கீழே விழுமே!"

"வௌவால் தொங்குகிறானே, உன் முட்டையும் தொங்கட்டும்!"

"முட்டைக்குக் கால் இருக்கிறதா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒன்றுதான்!"

மைனாவுக்குத் தலையை மரத்தில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த ஆளிடம் இன்னும் எப்படித்தான் சொல்வது?

"என்னக்கா, வீட்டுக்குள் வந்ததும் தொப்பென்று விழுந்துவிட்டீர்களா?" என்றது ஒரு குரல். அதே வௌவால்!

மைனா தலை குனிந்தாள். "சிரித்தது என் தப்புதான் தம்பி. இன்றைக்கோ நாளைக்கோ முட்டை வந்துவிடும். எங்கே வைப்பேன்?"

வௌவாலுக்கு மனசு இளகியது. குரங்கின் பக்கம் திரும்பினான். "நாட்டாமை, எல்லோருக்கும் ஒன்று என்றால் உங்களுக்கும்தானே? ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறது. குடியிருந்து காட்டுங்களேன்!"

"ஏன், மாட்டேனா?" என்று குரங்கு அடி வாசலுக்குள் தலையை நுழைத்தது. தலை போனது. திரும்பி வரவில்லை! பெட்டியோடு மரத்துக்கு மரம் மோதிக்கொண்டு ஓடியது.

"மரங்கொத்தி! சீக்கிரம் கொத்துடா!"

"எந்தப் பக்கம் கொத்தட்டும், நாட்டாமை?"

"மூக்கு இந்தப் பக்கம் இருக்கிறது! கேட்டுக் கொத்துடா, கேட்டுக் கொத்து!"

"உங்கள் உத்தரவு!" என்றான் மரங்கொத்தி. பின்பக்கமாகக் கொத்திப் பெட்டியைப் பிளந்தான். குரங்கு மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மைனாவிடம் திரும்பினான். "அக்கா, உங்களுக்கு வாசல் எங்கே வேண்டும்?"

"முகப்பில் தம்பி! அடிப்பலகை கெட்டியாக இருக்கட்டும்!"

"எங்களுக்கு இப்படியே இருக்கட்டும்!" என்றான் வௌவால்.

மரங்கொத்தி முகப்பு மண்ணைக் கொத்தி உதிர்த்தான். அடிப்பலகை திரும்பப் பொருந்தியது. மைனா வைக்கோலைப் பொறுக்கிக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். அன்று சாயங்காலமே மெத்தையில் ஒரு நீல முட்டை!

"ஆளுக்கு ஒரு வாசலாம்! என்னமோ பண்ணித் தொலையுங்கள்!" என்று முணுமுணுத்து, மூக்கைத் தடவியபடி குரங்கு நடையைக் கட்டியது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பது நியாயம் ஆகிவிடாது. அவரவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுப்பதுதான் நியாயம்.