பிரகாசியின் குரல்

பேய் என்றால் அதட்டினால்தான் போகும். ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் சந்தியாகு இந்த விஷயத்தில் மறுபேச்சுக்கு இடம் கொடுத்ததே இல்லை.

அவர் குரலுக்கு அந்தக் கடற்கரை ஊரில் தனி மரியாதை இருந்தது. கோயிலில் ஒலிபெருக்கி கெட்டுப்போனால் யாரும் பதறமாட்டார்கள். சந்தியாகு செபம் சொன்னால் கரையில் வலை பிரிக்கிறவர்களும் ஆமென் சொல்வார்கள். பேய் பிடித்தவர்களைக் கொடிமரத்தடிக்குக் கொண்டுவந்தால் முதலில் அவருக்குத்தான் ஆள் போகும். "பேரைச் சொல்லு" என்று அவர் ஓர் அதட்டுப் போட்டால், பேய் தன் பேரோடு தகப்பன் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு ஓடும் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று உச்சிவெயில் நேரம். அவர் மனைவி பிரகாசி அடுக்களையில் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். திடீரென்று அவள் வாயிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. கனத்த, கரகரத்த குரல்.

"ஏட்டி, எவ்வளவு நேரமாக் கூப்பிடுதேன்? காது அடைச்சுப் போச்சா?"

அடுக்களையில் அவளைத் தவிர யாருமில்லை. உதடு அவளுடையதுதான், அசைந்தது. கண் மீனைப் பார்த்தபடி இருந்தது. கை அரிவதை நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்ற சந்தியாகு இதைப் பார்த்தார். மந்திரித்த தண்ணீரை எடுத்துவந்து தெளித்து, முழுத் தொண்டையில் அதட்டினார். அது அவருக்குக் கொஞ்சமும் குறையாமல் திருப்பி அதட்டியது.

அதன் பிறகு உச்சி சாய்வதற்குள் தினமும் வந்தது. மற்ற நேரங்களில் பிரகாசி பேசுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவாள். வேண்டாமென்றால் தலையை ஆட்டுவாள். சாப்பாடு ஒரு கைப்பிடிக்குக் குறைந்தது. மகள் மெற்றில்டா செய்தி கேட்டு வந்து, அம்மாவின் கழுத்தெலும்பைத் தடவிப் பார்த்து அழுதாள்.

"தேரிக்காட்டுக் கோயில்ல ஒம்பது நாள் நவநாள் இருங்க. அது முடியறதுக்குள்ள அம்மா பேசணும் அப்பா. இல்லன்னா நான் கூட்டிட்டுப் போயிருவேன். திருப்பி அனுப்ப மாட்டேன்."

தேரிக்காட்டுச் செம்மணலில், பேய் பிடித்தவர்களைக் கொண்டுபோய் வைக்கிற, வானதூதர் மிக்கேல் சம்மனசு கோயில் இருக்கிறது. அதை ஒட்டிய குடிசையில் தெக்லா சிஸ்டர் இருந்தார். அங்கே கொண்டுவரப்படுகிற பிணியாளர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவதும் பக்கத்தில் இருப்பதும் அவர் வேலை. அவர் பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். இந்தம்மா பேய்க்குத் தாலாட்டுப் பாடுகிறவர் என்று சந்தியாகு முன்பெல்லாம் கேலி பேசியிருக்கிறார். சிஸ்டர் வயதிலும் அவரைவிட மிக இளையவர். ஊருக்கே ஞானோபதேசம் சொன்ன மனிதர் அந்தக் குடிசை மணலில் கைகட்டி உட்கார வேண்டியதாகிவிட்டது.

அதற்கு முன் வேனிலிருந்து பிரகாசியை இறக்கினார்கள். "ஏட்டி, பாத்து இறங்கு. கண்ணு எங்க இருக்கு?" என்றார் சந்தியாகு. சிஸ்டர் அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு பிரகாசியின் கையைப் பிடித்து நிழலுக்கு அழைத்துப் போனார்.

"இது எந்த ஊர்ப் பேய் சிஸ்டர்? எப்படி விரட்டணும்? சொல்லிக் குடுங்க, செய்யுதேன்."

"சத்தம் போட்டுப் பாத்தீங்களா?"

"போடாம இருப்பேனா?"

"போச்சா?"

"இல்ல. கூடுது."

சிஸ்டர் அடுப்பிலிருந்து கஞ்சிப் பானையை இறக்கி வைத்தார். வைத்த சத்தமே கேட்கவில்லை.

"இங்க இருக்கிற வரைக்கும் விரட்ட வேண்டாம் உபதேசியாரே. அது வந்தா, வீட்டுக்கு வந்தவங்ககிட்டப் பேசுற மாதிரி பேசுங்க. மத்த நேரம் அம்மாவை நீங்கதான் பாத்துக்கணும். தொட்டு எழுப்பணும். கஞ்சியை ஆத்திக் குடுக்கணும். தலை சீவி விடணும்."

"இதுக்கும் பேய்க்கும் என்ன சிஸ்டர்?"

"சிக்கு இருந்தா இழுக்காதீங்க. நுனியிலேருந்து எடுங்க" என்றார் சிஸ்டர்.

முதல் நாள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பொழுது விடிந்ததும் பழக்கத்தில் "ஏட்டி" என்று வாய் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் தோளைத் தொட்டார். பிரகாசி தூக்கிவாரிப்போட்டு எழுந்து, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சும்மா தொட்டதற்கு எதற்கு இப்படிப் பயப்படுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை டக்கென்று வைத்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சீப்பைப் பிடிக்கத் தெரியவில்லை. இத்தனை காலம் கூட வாழ்ந்தவளின் தலைமுடியில் பாதி நரைத்துவிட்டதை அன்றுதான் பார்த்தார்.

உச்சி வந்தது. தேரியில் காற்று நின்றுவிட்டது. பனை ஓலைகளின் சலசலப்பும் அடங்கியது. அவர்கள் தங்கியிருந்த கோயில் மண்டபத்தில் படுத்திருந்த நாய்கள் எழுந்து, திரும்பிப் பாராமல் வெயிலுக்குள் நடந்து போயின. சங்கிலியில் கட்டப்பட்டுக் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த ஒருவன் நடுவிலேயே வாயை மூடினான்.

"ஏட்டி, இதென்ன கஞ்சியா, கழனித்தண்ணியா? அறிவு கெட்ட முண்டம்."

பிரகாசியின் முகம் கல்லாக இருந்தது. உதடு மட்டும் ஆடியது. ஏற்கெனவே அங்கே குடியிருந்த பேய்கள்கூடச் சுவரோடு ஒட்டிக்கொண்டன. சந்தியாகு தொண்டையைச் செருமினார். பேயை மரியாதையாகக் கூப்பிடுவது அவர் குலத்திலேயே கிடையாது.

"நீங்க யாரு?" என்றார்.

பிரகாசியின் தலை மெதுவாகத் திரும்பியது.

"யாருன்னா கேக்க? என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னையே யாருன்னு கேக்கியா?"

சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தார்.

நாட்கள் போயின. அவர் கை கொஞ்சம் பழகியது. நுனியிலிருந்து சிக்கெடுத்தார். கஞ்சியை ஆற்றி, சூடு பார்த்துக் கொடுத்தார். பிரகாசி இரண்டு கிண்ணம் குடித்தாள். தொட்டால் அதிர்வது நின்றது. ஆனால் உச்சிக்கு உச்சி அது வந்துகொண்டுதான் இருந்தது. அதற்குத் தெரியாத விஷயமில்லை. குழம்பில் உப்புக் கூடிய நாள் தெரிந்தது. மகள் நிச்சயதார்த்தத்தில் நடந்ததும் தெரிந்தது.

"அன்னைக்குச் சம்பந்தி முன்னால வாயத் தொறந்தியே. உன்கிட்ட யாரு கேட்டா? பொம்பளைக்கு நடுவுல என்ன பேச்சு?"

அந்தச் சொற்களை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று சந்தியாகுவுக்குத் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை. கூட்டத்தில் பார்த்த முகம் மாதிரி நழுவி நழுவிப் போயிற்று.

மண்டபத்தில் அடுத்த தூணடியில், மருமகனைக் கொண்டுவந்திருந்த ஒரு பெரிய பொம்பளை இருந்தாள். திரேசம்மாள் என்று பேர். வெற்றிலையை மடித்துக்கொண்டே அவரிடம் கேட்டாள்:

"உங்களுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி யாரும் தவறிப் போயிருக்காகளா?"

"இல்லையே. ஏன்?"

"இல்ல, அந்தக் கொரலைக் கேட்டேன். நீங்க பேசுத மாதிரியே இருக்கு. நீங்க எந்திரிச்சி கெணத்தடிக்குப் போயிருந்த அன்னைக்கு, நீங்கதான் அவகளை ஏசுதியன்னு நெனச்சு, 'உபதேசியாரே, விடுங்க, பாவம்'னு சொன்னேன். பாத்தா நீங்க அங்க இல்ல."

அவள் வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். சந்தியாகு தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உலகத்தில் அவர் அதிகமாகக் கேட்ட குரல் அது. அதைத்தான் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கோயில் முழுக்க அறிந்திருக்கிறது, சங்கிலியில் கிடப்பவன்கூட அறிந்திருக்கிறான். வெட்கத்தில் அவர் உடம்பு எரிந்தது.

குடிசைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சிஸ்டர்?"

"வேனிலேருந்து இறங்கும்போதே தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

சந்தியாகு நினைத்துப் பார்த்தார். என்ன செய்திருப்பார் என்பது தெளிவாகத் தெரிந்தது. சத்தம் போட்டிருப்பார்.

மறுநாள் உச்சியில் காற்று நிற்பதற்கு முன்பே அவர் பிரகாசிக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். இன்று இதை விடக்கூடாது என்று இருந்தார். நாய்கள் எழுந்து போயின. பிரகாசியின் வாய் திறந்தது.

"ஏட்டி."

அந்த ஒரு சொல்லுக்கே அவர் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. தன்னை அவர் அதுவரை அவ்வளவு வெறுத்ததில்லை. சீ, நாயே, வாயை மூடு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கை தானாக ஓங்கியது. ஓங்கிய கைக்குக் கீழே இருந்தது பிரகாசியின் கன்னம்.

பின்னாலிருந்து சிஸ்டர் சொன்னார்:

"அதையும் அடிக்க வேண்டாம்."

"இது நான் சிஸ்டர். இந்தச் சனியனை அடிக்காம..."

"அதுகிட்டயும் இதுவரைக்கும் யாரும் மெதுவாப் பேசினதில்ல."

கை காற்றில் நின்றது. இறங்க வெகுநேரம் பிடித்தது. சந்தியாகு அந்தக் கையால் பக்கத்திலிருந்த செம்பை எடுத்தார். தண்ணீர் தளும்பி மணலில் விழுந்தது.

"கத்திக் கத்தித் தொண்டை காஞ்சு போயிருக்கும்" என்றார். "இந்தாங்க. தண்ணி குடிங்க."

அது உறுமியது. கஞ்சியைப் பற்றி ஏசியது, சம்பந்தியைப் பற்றி ஏசியது. அவர் செம்பை நீட்டியபடியே இருந்தார். மெல்ல மெல்ல ஏச்சு இடையில் அறுந்து அறுந்து வந்தது. பிரகாசியின் கைகள் செம்பை வாங்கின. வாய் குடித்தது. குடித்து முடித்ததும் அந்தக் குரல் முதல் தடவையாக மெதுவாகப் பேசியது. கிழடு தட்டிப்போய், களைத்துப்போய், அவர் காதுக்கே கேட்டும் கேளாமலும் வந்தது.

"நான் என்ன செய்யட்டும்? என் அப்பா இப்படித்தான் பேசுவாரு."

அதைக் கேட்டு சந்தியாகு அழுதார். மண்டபத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவர் கவலைப்படவில்லை.

"சரி" என்றார். "போதும். படுத்துக்கிடுங்க."

பனை ஓலைகள் சலசலத்தன. அது திரும்ப வரவில்லை. அடுத்த உச்சியிலும் வரவில்லை, அதற்கடுத்த உச்சியிலும் வரவில்லை. நாய்கள் படுத்த இடத்திலேயே படுத்துக் கிடந்தன. நன்றிக்கு மெழுகுதிரி ஏற்றச் சொல்லித் திரேசம்மாள் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

பிரகாசி சாப்பிட்டாள், தூங்கினாள், அவர் தலை சீவும்போது தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். ஆனால் பேசவில்லை. சந்தியாகு பக்கத்தில் குனிந்து, "என்ன வேணும் பிரகாசி?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவர் வழி கேட்டால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

நவநாள் முடிகிற அன்று சாயங்காலம் அவர் சிஸ்டரிடம் போனார். சிஸ்டர் கழுவிய கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். முன்பு கேட்காத அந்த மெல்லிய சத்தம் இப்போது அவருக்குக் கேட்டது.

"நாளைக்கு மக வந்திருவா சிஸ்டர். பிரகாசி பேசலன்னா கூட்டிட்டுப் போயிருவா."

"ம்."

"என் குரல் போயிட்டு. அவ குரல் ஏன் இன்னும் வரல?"

சிஸ்டர் கடைசிக் கிண்ணத்தையும் கவிழ்த்தார்.

"அவங்க குரல் எப்படி இருக்கும் உபதேசியாரே? சொல்லுங்க. வந்தா அடையாளம் பாத்துக்கலாம்."

சந்தியாகு சொல்ல வாயெடுத்தார். அவள் வைக்கும் குழம்பு நினைவுக்கு வந்தது. அவள் நடை நினைவுக்கு வந்தது. கதவருகே அவள் வந்து நிற்கும் விதமும், எதையோ சொல்ல வந்து அவர் பார்த்ததும் திரும்பிப் போவதும் நினைவுக்கு வந்தன. குரல் மட்டும் வரவில்லை. மென்மையானதா, கட்டையா, இழுத்துப் பேசுவாளா, ஒன்றும் தெரியவில்லை.

அவர் மண்டபத்துக்குப் போய்ப் பிரகாசியின் பக்கத்தில் உட்கார்ந்தார். குனிந்து, அவள் வாய்ப் பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.