நாயேன்

ஓய்வுபெற்ற தாசில்தார் ஏகாம்பரம் மடத்தில் சேர்ந்த அன்றோடு ‘நான்’ என்ற சொல்லை விட்டுவிட்டார். பதவியில் இருந்தபோது, மனுவின் அடியில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று எழுத மறந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். இப்போது தன்னையே ‘அடியேன்’ என்று சொல்லிக்கொண்டார். அது போதவில்லையோ என்னவோ, சீக்கிரமே ‘நாயேன்’ ஆகிவிட்டார்.

“நாயேன் குளித்துவிட்டேன்.”

“நாயேனுக்கு இன்னொரு தலையணை வேண்டும்.”

மடத்து நாய் வைரவனுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

குரு அம்பலத்தடிகள் அவரைவிட வயதில் இளையவர். வரும் குருபூசையில் அவர் கையால் தீட்சை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் ஏகாம்பரத்தின் ஒரே ஆசை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டார். கிடைக்காவிட்டால் மானம் போகும். ஒருநாள் காலையில் குருவின் முன் போய் நின்றார்.

“சுவாமி, நாயேனுக்கு எப்போது தீட்சை?”

“யாருக்கு?”

“நாயினும் கீழான இந்த ஏகாம்பரத்துக்கு.”

“நிச்சயமாத்தான் சொல்றீரா?”

“சத்தியமாக.”

அடிகள், சமையல் பார்க்கும் தவசிப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

மதியம் பந்தி போட்டார்கள். ஏகாம்பரம் வழக்கம்போல் குருவின் வலப்பக்கத்து இலையில் உட்காரப் போனார். தவசிப்பிள்ளை குறுக்கே வந்தார்.

“ஐயாவுக்கு இன்னிக்குக் கொல்லைப்பக்கம்.”

“யார் சொன்னது?”

“நீங்கதான். தினமும் சொல்றீங்களே.”

கொல்லையில் காத்தாயி உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். மடத்தைப் பெருக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் அவள்தான். பக்கத்தில் வைரவன் படுத்திருந்தது.

“என்னங்க சாமி, இந்தப் பக்கம்?”

“எனக்கு இங்கேதான் சாப்பாடாம்.”

அவளிடம் ‘நாயேன்’ வாயில் வரவில்லை.

தவசிப்பிள்ளை வந்து வைரவனுக்குச் சோறு வைத்தார். அது அவசரமே படவில்லை. பாதியில் எழுந்துபோய் ஓர் அணிலைத் துரத்திவிட்டு, திரும்பி வந்து மிச்சத்தைத் தின்றது. ஏகாம்பரத்துக்குப் பசி கண்ணை மறைத்தது.

“எனக்கு எப்போ?”

“நாய்க்கு அப்புறம் உங்களுக்காம். தவசிப்புள்ள சொல்லிட்டுப் போனாரு.”

“அப்போ நீ?”

“உங்களுக்கு அப்புறம்தான். எப்பவுமே நான் கடேசிதானே. இன்னிக்கு நடுவுல ஒரு ஆளு கூடிப்போச்சு.”

ஏகாம்பரம் எழுந்த வேகத்தில் வைரவன் குரைத்தது. நேராகக் குருவிடம் போனார். முகம் சிவந்திருந்தது.

“சுவாமி, நாயேன் என்று சொன்னது உவமை! அதைப் போய் இப்படி நிஜமாக்கலாமா?”

“நிஜமா அங்க சாப்பிடறது யாரு?”

“காத்தாயி.”

“அவ தன்னை நாயேன்னு சொல்லிக் கேட்டிருக்கீரா?”

ஏகாம்பரம் யோசித்தார்.

“இல்லை சுவாமி. அவளுக்கு அவ்வளவு பணிவு கிடையாது.”

அடிகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

“குனியணும்னா முதல்ல நிமிர்ந்து நின்னிருக்கணுமே, ஏகாம்பரம். அவளை அங்க உட்கார வச்சது இந்த மடம். எனக்கும் இத்தனை நாள் அது உறைக்கலை.”

 ஏகாம்பரம் மெதுவாகக் கேட்டார்.

“அப்போ தீட்சை?”

“நாளைக்கு. பந்தியில.”

மறுநாள் குருவின் வலப்பக்கத்து இலையில் காத்தாயி உட்கார்ந்தாள். லேசில் உட்காரவில்லை. பாத்திரம் கிடக்கு என்றாள், இடுப்பு பிடிக்கும் என்றாள். தவசிப்பிள்ளை கெஞ்சி உட்கார வைத்தார். சாம்பார் வாளி ஏகாம்பரத்தின் கையில் இருந்தது. வாளி கனத்தது, முதுகு வளைய மறுத்தது, கரண்டி இலையைத் தாண்டிச் சாய்ந்தது.

“சிந்தாம ஊத்துங்க சாமி, புதுச் சேலை” என்றாள் காத்தாயி.

அடுத்த வரிசையிலிருந்து யாரோ இன்னும் சாம்பார் கேட்டார்கள். அடிகள் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் குரல் கொடுத்தார்.

“இன்னிக்குச் சாம்பார் யாரு?”

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். பழைய சொல் நுனிநாக்கு வரை வந்தது. கொல்லைக் கதவருகே வைரவன் வாலாட்டிக்கொண்டிருந்தது. காத்தாயி சோற்றில் குழி பறித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“நான்தான், சுவாமி.”

அடிகள் ஒரு வாய் சாப்பிட்டார்.

“ஆச்சு. ரசத்தைக் கொண்டாரும்.”