கரட்டுப்பட்டிக்குள் திரும்பும் வண்டி

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பது ஆகப் போகிறது.

திண்டுக்கல் சாலையில் ஒரு பீரோ கம்பெனி. கல்யாணச் சீருக்குப் போகும் இரும்பு பீரோக்கள் அங்கே தயாராகும். நஸ்ரீன் அங்கே பிளானிங் பார்ப்பவள். கோமளவல்லி எட்டாம் வகுப்போடு நின்றவள், பல வருடம் பெயின்ட் அறையில் வேலை பார்த்தவள். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தாள். இனி பெயின்ட் வாடையே ஆகாது என்றார் டாக்டர்.

முதலாளி சொன்னார்: "பிளானிங் ரூம்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. ஆவணி முகூர்த்தத்துக்குள்ள வேலையைக் கத்துக்கிட்டா அது உங்களுக்கு. இல்லேன்னா என்கிட்ட வேற இடம் இல்லம்மா."

கோமளவல்லி நஸ்ரீனை டீச்சர் என்று கூப்பிட்டாள். வேண்டாம் என்று நஸ்ரீன் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

வேலை இதுதான். பீரோ கேட்பவர்கள் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஒருவருக்குக் கண்ணாடி வேண்டும், ஒருவருக்கு வேண்டாம். லாக்கர், நிறம், கைப்பிடி என்று ஆளுக்கு ஆள் மாறும். எந்த பீரோ எந்தெந்தப் பிரிவு வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் முன்பே எழுதி வைக்க வேண்டும். தகடு வெட்டுவது, மடக்குவது, துளை போடுவது, வெல்டிங், பெயின்ட், பூட்டு. ஆர்டர் வந்ததும் கம்ப்யூட்டர் அந்த வழியைப் பார்த்து அந்தந்தப் பிரிவுக்கு வேலைச் சீட்டு அனுப்பும்.

கோமளவல்லி ஒவ்வொரு பீரோவுக்கும் ஒரு வழி எழுதினாள். கண்ணாடி உள்ள பச்சைக்கு ஒன்று, கண்ணாடி இல்லாத பச்சைக்கு ஒன்று, லாக்கர் வைத்த பச்சைக்கு ஒன்று. சாப்பாட்டு நேரத்திலும் எழுதினாள். முடிகிற சமயத்தில் முதலாளி மயில் நீலம் என்று புதிதாக ஒரு நிறத்தைச் சேர்த்தார். எழுதியதையெல்லாம் மயில் நீலத்துக்காக மறுபடி எழுத வேண்டும்.

"டீச்சர், இது எப்பத்தான் முடியும்?"

"நாளைக்கு வண்டியில முன் சீட்டுல உக்காந்து வாங்க" என்றாள் நஸ்ரீன்.

கம்பெனி வண்டியை ஓட்டுபவர் சூசை. மறுநாள் காலை கரட்டுப்பட்டியில் ஏறிய கோமளவல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாமரைக்குளத்தில் வண்டி நிற்காமல் போனது.

"என்னண்ணே, நிக்கலையே?"

"அங்க ஏறுற ரெண்டு பேரும் லீவு. பிளானிங்ல இருந்து போன் வந்துச்சு."

"அப்ப இன்னைக்கு வேற ரூட்டா?"

சூசை சிரித்தார். "ரூட்டு என்னைக்கும் ஒண்ணுதான்மா. ஆள் இருந்தா நிப்பேன், இல்லேன்னா போயிக்கிட்டே இருப்பேன். தினம் தினம் யார் வர்றாங்கன்னு பார்த்துப் புதுசா ரூட்டு போட்டா, எனக்கு இந்த ஒரு தலை போதாது."

கம்பெனி வந்ததும் கோமளவல்லி நேராகப் பிளானிங் அறைக்குப் போனாள்.

அதுவரை எழுதியதையெல்லாம் அழித்தாள். அழிக்கலாமா, அழிக்கலாமா என்று நஸ்ரீனைக் கேட்டுக் கேட்டு அழித்தாள். எல்லா வேலையும் வரிசையாக உள்ள ஒரே ஒரு வழி எழுதினாள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே 'எப்போது?' என்று ஒரு கட்டம் இருந்தது. லாக்கருக்கு எதிரே 'லாக்கர் கேட்டால்' என்று எழுதினாள். கண்ணாடி மாட்டக் கதவில் போடும் துளைக்கு வரும்போது ஒரு சந்தேகம். முழுக் கண்ணாடிக்கும் அரைக் கண்ணாடிக்கும் ஒரே துளைதானா? கேட்டுவிட்டு எழுதலாம் என்று அந்தக் கட்டத்தை அப்படியே விட்டாள். பிறகு மறந்தாள்.

சில நாளில் துளை போடும் பழனியாண்டி பிளானிங் அறை வாசலில் வந்து நின்றார்.

"நத்தம் கடைக்காரர் கண்ணாடியே வேண்டாம்னு சொன்ன பீரோ. எல்லாக் கதவுலயும் துளை போடச் சொல்லிச் சீட்டு வந்துச்சு, போட்டுட்டேன். எதுக்கு, பொண்ணு உள்ள இருந்து எட்டிப் பார்க்கவா?"

கோமளவல்லி திரையில் தேடினாள். கண்ணாடித் துளைக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

பின்னாலேயே முதலாளி வந்தார். "யார் எழுதினது இது?"

"எங்க ரூம்ல எழுதினதுதான் சார்" என்றாள் நஸ்ரீன்.

"துளை போட்ட கதவை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"அதே விலைக்குக் கண்ணாடி மாட்டிக் கொடுத்துடலாம். சும்மா வர்ற கண்ணாடியை வேண்டாம்னு சொல்ற பொண்ணு வீடு எங்கயாவது இருக்கா சார்?"

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போனார். நத்தத்துக்காரர் போனில் சரி என்று சொல்லிவிட்டார். கோமளவல்லிக்கு மனம் ஆறவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் பைக்குள் வைத்தாள், வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"ஒண்ணும் எழுதலைன்னா ஒண்ணும் நடக்காதுன்னு நெனச்சேன் டீச்சர். அது ஏன் எல்லாத்துக்கும் துளை போடச் சொல்லுச்சு?"

"போன் வரலைன்னா என்ன செய்வீங்கன்னு சூசை அண்ணன்கிட்ட கேளுங்க."

சாயங்காலம் வண்டியில் கேட்டாள்.

"போன் வரலைன்னா நிப்பேன்" என்றார் சூசை.

"ஆளே இல்லைன்னாலுமா?"

"இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேண்டாம்னு சொல்லாத வரைக்கும் நிக்கத்தான் வேணும். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பகூட, தினமும் உங்க ஊருக்குள்ள திரும்பி, நின்னு, ஹாரன் அடிச்சிட்டுத்தானே போனேன்."

பின் சீட்டிலிருந்து பொன்னுத்தாய் குரல் கொடுத்தாள். "ஏறப்போறது நீங்க ஒரு ஆளு. நீங்களும் இல்ல. எதுக்கு இந்தச் சுத்துன்னு நாங்க திட்டாத நாள் இல்லக்கா. உங்க ஊரு நாய்க்கெல்லாம் பேரே வெச்சாச்சு. வண்டிக்குக் குறுக்க படுக்கிறவன் பேரு தாசில்தாரு."

வண்டி முழுக்கச் சிரித்தது. கோமளவல்லியும் சிரித்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் படுத்திருந்தபோது, கோமளவல்லி இனி வரமாட்டாள் என்று கம்பெனியில் எல்லோரும் பேசிக்கொண்டது அவளுக்குத் தெரியும்.

"நான் வரலைன்னு யாருமே உங்களுக்குச் சொல்லலையாண்ணே?"

"போன்ல ஒரு நாளும் உங்க பேர் வரலை."

வண்டி கரட்டுப்பட்டிக்குள் திரும்பியது.

மறுநாள் கோமளவல்லி முதல் வேலையாக, இரண்டு கண்ணாடிக்கும் ஒரே துளைதான் என்று பழனியாண்டியிடம் கேட்டுக்கொண்டு, கண்ணாடித் துளைக்கு எதிரே 'கண்ணாடி கேட்டால்' என்று எழுதினாள். சரியாக இருக்கிறதா என்று மேலிருந்து கீழ் வரை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

முதலாளி டீ டம்ளரோடு உள்ளே வந்தார். "மாதுளைச் சிவப்புன்னு ஒரு கலர் சேர்க்கணும். எத்தனை நாள் ஆகும்?"

கோமளவல்லி 'மாதுளைச் சிவப்பு கேட்டால்' என்று ஒரு வரி எழுதினாள். "சேர்த்தாச்சு சார்."

அவர் திரையைப் பார்த்தார். டம்ளரில் இன்னும் பாதி டீ இருந்தது.

"அந்த நாற்காலி கடக்கு முடக்குங்குது. ஸ்டோர்ல சொல்லி நல்லதா ஒண்ணு வாங்கிக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோமளவல்லி நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்த்தாள். பிறகு நஸ்ரீன் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், தினமும் காலையில யார் லீவுன்னு சூசை அண்ணனுக்கு போன் பண்றது நீங்கதான?"

"ஆமா."

"நான் படுத்திருந்தப்ப என் பேரைச் சொல்ல மறந்துட்டீங்களா?"

"மறக்கலக்கா" என்றாள் நஸ்ரீன். "அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியா விட்டுட்டேன்."