வடக்குச் சுவர் கிறிஸ்தோபர்

மேற்குத் தேசத்தில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், கல்லால் கட்டிய சின்னப் பங்குக் கோயில் இருந்தது. வாசலுக்கு நேர் எதிரே, வடக்குச் சுவர் முழுக்கப் புனித கிறிஸ்தோபரை வரைந்து முடித்திருந்தான் ஓடோ. தோளில் பாலன் இயேசுவோடு ஆற்றைக் கடக்கும் ராட்சத உருவம், தரையிலிருந்து உத்தரம் வரை.

அன்றன்றைக்குப் பூசும் ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் காவியும் கரியும் தீட்டிவிட வேண்டும். தவறினால் திருத்த முடியாது. ஓடோவின் கை ஓரிடத்திலும் தவறவில்லை. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை ஒரு வாரம்தான் தாங்கியது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆசான் ஆல்ரிக்கிடம் வந்தான். கோயிலைக் கட்டியவர் அவர்.

"நகரத்துப் பேராலயத்துல வேலைக்குக் கூப்பிட்டு ஆள் வந்திருக்கு, ஆசானே. நாளைக்குப் பதில் சொல்லணும். போயிடலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"இங்க யாரு பாக்குறா? பத்து நாள் மெனக்கெட்டு ஆத்துல மீன் வரைஞ்சேன். வயலுக்குப் போற போக்குல வாசல் வழியா ஒரு பார்வை, அவ்வளவுதான். அங்கேன்னா வாயைப் பொளந்துக்கிட்டு நின்னு பாப்பாங்க."

ஆல்ரிக் அவனைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். ஏணியைச் சாத்தி ஏறி, கிறிஸ்தோபரின் முகத்தின்மேல் ஒரு கோணியைத் தொங்கவிட்டார். ஓடோவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை, பாதையில் முதலில் வந்த உழவன் ஹாப் வழக்கம்போல வாசல் பக்கம் தலையைத் திருப்பினான். அப்படியே நின்றுவிட்டான். மாடுகளும் நின்றன. பின்னால் வந்த விறகுவெட்டி நின்றான். பால்காரி மாட்டில்டா குடத்தை இறக்கி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பாதையே அடைத்துக்கொண்டது.

"முகம் எங்கே?"

பங்குச் சாமியார் ஓடிவந்தார். "வெயில் ஏறுது, வேலைக்குப் போங்கப்பா!"

"எப்படிச் சாமி போறது?" என்றான் விறகுவெட்டி. "காலையில அவர் முகத்துல முழிச்சா அன்னிக்குத் துர்மரணம் இல்லை. அதை நம்பித்தானே மரத்துல ஏறுறேன்."

மாட்டில்டா ஓடோவைப் பிடித்துக்கொண்டாள். "வரைஞ்ச மகராசா, நீயே போய் அதை எடு. என் வீட்டுக்காரர் அக்கரைக்குப் போகணும். இவரைப் பாக்காம ஆத்துல காலை வைக்க மாட்டாரு."

ஓடோ ஏணியில் ஏறினான். கோணியை உருவிக் கீழே போட்டான்.

கூட்டம் ஒரு தரம் பார்த்தது. மாட்டில்டா குடத்தைத் தூக்கினாள். ஹாப் மாடுகளை அதட்டினான். மூச்சுவிடும் நேரத்தில் பாதை காலியாகிவிட்டது.

ஓடோ ஏணியின் உச்சியிலேயே இருந்தான். நெஞ்சு நிறைந்திருந்தது, கண்ணும் கலங்கியிருந்தது. ஆனாலும் பழைய குறையை விட மனம் வரவில்லை.

"இப்பவும் ஒருத்தரும் நின்னு பாக்கலையே, ஆசானே."

ஆல்ரிக் கீழிருந்து அவனை அண்ணாந்து பார்த்தார்.

"நாப்பது வருஷமா கோயில் கட்டுறேன். வர்றவனை நிக்க வைக்க மட்டும்தான் எனக்குத் தெரியும். நீ நடக்க வச்சிருக்கேடா."